எங்கள் அம்மாக்கள் ஏன் ஒரு தேர்தலையும் விடுவதில்லை?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஓட்டுப் போடும் நாளில் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஏழு மணிக்கு முன்னாலேயே வரிசையில் நின்றுவிடுகிறார். இவரோ மூன்று தேர்தலாகப் போடவில்லை, யார் வந்தாலும் ஒன்றுதான் என்கிறார். "அம்மாவுக்கு விவரம் பத்தலையா, எங்களுக்கு அக்கறை பத்தலையா? ஓட்டுக்காக ஊர் வரைக்கும் போய்த்தான் ஆகணுமா?" இவ்வளவுதான் கேள்வி.

நான் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் ஆரம்பித்து 2019 வரை தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறேன். ஓட்டுச் சீட்டு, முத்திரைக் கட்டை காலமும் பார்த்தேன், 2001இல் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்த பிறகும் பார்த்தேன். மேசைக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முந்தின நாளே பெட்டி படுக்கையோடு பூத்துக்குப் போய்விடுவோம். ராத்திரி பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப் படுக்கை, விடிய விடியக் கொசு. காலை ஐந்தரைக்கெல்லாம் ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும். குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட்டுக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு சீல் வைக்க வேண்டும். அந்த வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால், எந்த ஊராக இருந்தாலும் சரி, வாசலில் முதல் பத்து பேரில் ஏழெட்டு பேர் வயதான பெண்களாகத்தான் இருப்பார்கள். சிலர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். போட்டுக்கிட்டே வாங்கம்மா என்று போலீஸ்காரர் சொன்னாலும் கேட்பதில்லை. பூத் சிலிப் சுருக்குப்பையில் வெற்றிலையோடு மடிந்து கிடக்கும்.

உள்ளே வந்ததும் முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் பார்த்துக்கொள்வதற்காக இருக்கும் விதி அது. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பல வருடம் கவனித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவார்கள். கீழத்தெரு மருமக, பெரியவன் அம்மா, வெத்தலைக்காரர் வீட்டம்மா என்று ஆகிவிடும். என் அம்மா கடைசி முப்பது வருடம் ஊருக்கே 'வாத்தியாரம்மா'தான். அவளுடைய சொந்தப் பேரை நாலு பேர் முன்னால் அரசாங்கம் வாய்விட்டு வாசிப்பது அந்த ஒரு இடத்தில்தான். வாசித்ததும் "நாந்தான்" என்று ஒரு குரல் வரும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவனுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

1951-52இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஏறக்குறைய 28 லட்சம் பேரைத் தேர்தல் ஆணையம் விட்டுவிட்டது. நம் பக்கத்துச் சங்கதி இல்லைதான். ஆனால் பட்டியலில் பேர் இருப்பது ஒரு பெண்ணுக்கு என்ன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28 லட்சம் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி டெல்டாவின் கதைக்கு வருகிறேன். இது தெரியாமல் உங்கள் அம்மாவைப் புரிந்துகொள்ள முடியாது.

குடவோலை முறை சோழன் காலத்திலேயே இருந்தது என்று பெருமையாகப் பேசுவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் பாட்டியின் பேர் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தல்களிலும் சொத்தும் வரியும்தான் கணக்கு. எங்களுடையது குத்தகைக் குடும்பம், பாட்டி நடவாள். நிலம் இல்லாதவன், எழுத்து தெரியாதவள், பண்ணையாள், எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று முதல் முறையாக நடந்தது 1952இல்.

அது எப்படிப்பட்ட காலம் என்றால், கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த பழக்கத்தை எதிர்த்து விவசாயச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலம். அந்தத் தேர்தலில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். பாட்டி கதிர் அரிவாள் பெட்டியில் போட்டதாகச் சொல்வாள். (இன்றைக்கும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அதே சின்னம்தான், மாறவே இல்லை.) ஆனால் அவள் அதைவிட அதிகம் சொன்னது வரிசையைப் பற்றி. பண்ணை வீட்டு அம்மா கூண்டு வண்டியில் வந்து இறங்கி நேரே உள்ளே போகப் பார்த்தார்களாம். வாசலில் நின்ற அலுவலர், "வரிசையில வாங்கம்மா" என்றாராம். பாட்டிக்குப் பின்னால் நாலாவது ஆளாக வந்து நின்றார்களாம். இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த 'நாலாவது ஆள்' மட்டும் மாறவே மாறாது.

அந்தத் தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் ஜெயித்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும், ஓட்டைகளும் நிறைய. போராட்டம், சிறை, அடி உதை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சட்டம் வந்தது, ஓட்டினால் மட்டும் வந்துவிடவில்லை. ஆனால் பாட்டியின் கணக்கில் ஜனவரியில் பெட்டி, ஆகஸ்டில் சட்டம். இப்படி ஒரு ஆண்டைப் பார்த்தவள் அதை எப்படி விடுவாள்? என் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, 1962இல் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு போய் முதல் ஓட்டைப் போட்டாள். அந்த வருடம் நாடு முழுக்கப் பார்த்தால் ஆண்களில் 63 சதவீதம், பெண்களில் 47 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2019இல் இரண்டும் சமமாகிவிட்டது. நடுவில் நடந்தது இந்த மாதிரி மாமியார் மருமகள் சேர்ந்து போன நடைதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, அம்மாக்களைத் தூக்கிவைத்துப் பேசவும் எனக்கு மனசில்லை. என் அம்மாவுக்குப் பாதித் தேர்தலில் வேட்பாளர் பேர் தெரியாது, சின்னம்தான் தெரியும். தேர்தல் அறிக்கை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னால், "அதை அவனே படிக்கப் போறதில்ல" என்பாள். காசு வாங்கவில்லையா என்றால், வாங்கியிருக்கிறாள். 2016 மே மாதம் தஞ்சாவூர்த் தொகுதியிலும் அரவக்குறிச்சியிலும் பணப் பட்டுவாடா எல்லை மீறிப் போய்த் தேர்தலையே ரத்து செய்து, நவம்பர் 19ஆம் தேதிதான் திரும்ப நடத்தினார்கள். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தேர்தல் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே இப்படியா என்று நான் சத்தம் போட்டபோது, "ரெண்டு பேருந்தான் குடுத்தான், ரெண்டு பேருக்குமா போட முடியும்?" என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். நியாயமா என்றால், இல்லை. எனக்குப் பதில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் பக்கம். உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நம்பவில்லை. உங்களுக்கு இல்லாதது விலாசம்.

உங்கள் அம்மாவின் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். ரேஷன் கடை, நூறு நாள் வேலை, கட்டணமில்லாத டவுன் பஸ், 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை. அறுப்பு நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையை ஒதுக்கினால் அங்கே நின்று வாதாட வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, தண்ணி கடைமடைக்கு வருமா என்று வானத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அரசாங்கம் அவருடைய அடுப்படி வரைக்கும் வந்து போகிறது. அதில் ஒன்று நின்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். கிளைச் செயலாளர் டீக்கடையில் இருப்பார், ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர் வீடு தெரியும்.

உங்களுடைய வாரத்தில் அரசாங்கம் எங்கே வருகிறது? சம்பளத்தில் பிடிக்கும் வரி, மழைக்குத் தேங்கும் தண்ணீர், மெட்ரோ. நீங்கள் தங்கியிருக்கும் வார்டின் கவுன்சிலர் பேர் உங்களுக்குத் தெரியுமா? உங்களை அவருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறீர்கள். பேர் ஊரில் இருக்கிறது, ஆள் வேளச்சேரியில். ஊரில் உள்ள பிரச்சினை உங்களுடையது இல்லை, இங்கே உள்ள பிரச்சினைக்கு ஓட்டு இல்லை. இதைச் சோம்பல் என்று டிவியில் உட்கார்ந்து திட்டுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 69.72 சதவீதம் பதிவானபோது சென்னையின் மூன்று தொகுதிகளும்தான் கடைசி. தென் சென்னையும் மத்திய சென்னையும் 54 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தன. அதில் திருவாரூர், நாகப்பட்டினம் விலாசக்காரர்கள் எவ்வளவு பேர் வாடகை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்களோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் பேர் சென்னைக் கணக்கில் வராது, எங்கள் ஊர்க் கணக்கில்தான் குறையும். சென்னைக் கணக்கில் குறைந்தது வீடு மாறியும் பேர் மாறாதவர்களால் இருக்கலாம், உண்மையிலேயே வெறுத்துப்போனவர்களால் இருக்கலாம்.

விலாசக் கோளாறு எவ்வளவு பெரியது என்று 2025 நவம்பரில் ஆரம்பித்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் தெரிந்தது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பேர் இல்லை. செத்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, பெரும்பகுதி அந்த விலாசத்தில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள்.

அரசியலே வேண்டாம் என்கிற தலைமுறையும் இல்லை உங்களுடையது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தவர்கள் யார்? அதே வருடம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊர்க்காரர்களோடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அங்கே அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தெருவில் ஒரு வாரம் உட்கார்ந்தால் சட்டசபை கூடிச் சட்டம் போடுகிறது, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை விரலை நீட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. என் பாட்டி 1952இல் கற்ற பாடத்தைப் போலவே இதுவும் கண்ணால் கண்ட பாடம்தான். அதில் பாதியைத்தான் கண்டார்கள் என்பது என் வாதம். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் தெருவிலிருந்து கிளம்பியது, ஆனால் கையைத் தூக்கி நிறைவேற்றியவர்கள் ஓட்டு வாங்கிப் போனவர்கள். அடுத்த வருடம் ஓட்டு வர இருந்தது என்ற நினைப்பும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

இன்னொரு குற்றத்தை யாரும் பேசுவதில்லை. ஓட்டுப் பழக்கம் வருவது சின்னத் தேர்தலில். பஞ்சாயத்துத் தேர்தலில் நாலு சீட்டு. வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரு ஓட்டில் ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், சமமாகிவிட்டால் குலுக்கல்தான். சட்டமன்றத் தேர்தலுக்கு வராத திருப்பூர்ப் பிள்ளைகள் தலைவர் தேர்தலுக்கு வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். அக்கறை இல்லாதவனா வேனில் வருவான்? (வேன் வாடகை யார் கொடுத்தது என்பதைக் கேட்காதீர்கள்.) அந்தத் தேர்தலை 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை நடத்தவே இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தையும் முத்துப்பேட்டையையும் பட்டுக்கோட்டையையும் புரட்டிப் போட்டபோது, ஊரில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. தனி அலுவலர்தான், அவருக்குப் பல ஊர். தென்னை சாய்ந்து பாதை மறித்துக் கிடந்தது, யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை. அந்த மூன்று வருடத்தில் பதினெட்டு வயதானவர்களுக்கு, பக்கத்துத் தெரு ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதே தெரியாமல் போயிற்று. எங்கள் மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார்.

ஊருக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். சட்டப்படி, நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பேர் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. வேலைக்கு வந்து சென்னையிலேயே இருக்கிறீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்வதுதான் முறை. பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ அந்த விலாசத்துக்கு ஒரு வருடக் கேஸ் பில்லோ இருந்தால் போதும், இணையத்திலேயே முடியும். விடுதியில் தங்கிப் படிக்கிற தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு ஊர், விடுதி எது வேண்டுமானாலும். வளைகுடாவில் இருக்கிற அண்ணனுக்குப் படிவம் 6ஏ, ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தனியார் கம்பெனிக்கும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், பேரை மாற்றப் போவதாக அம்மாவிடம் சொன்னால் சண்டை வரும். என் மகனும் உங்களைப் போலச் சென்னையில்தான் இருக்கிறான். படிவத்தைப் பற்றி அவன் பேச்செடுத்ததும், "பேரையும் எடுத்துட்டா அப்புறம் இந்த ஊருக்கும் உனக்கும் என்னடா?" என்று கேட்டாள் அவனுடைய அப்பாயி, அதாவது என் அம்மா. அவள் இருந்த வரைக்கும் அவன் மாற்றவில்லை. ராத்திரி பஸ்ஸில் வருவான், போட்டுவிட்டுத் திரும்புவான். சாப்பிட உட்காரும்போது கை கழுவினாயா என்று பார்ப்பதுபோல அவனுடைய இடது ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்ப்பாள்.

அவள் கடைசியாகப் போட்டது 2021 ஏப்ரல் 6. எண்பது தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று அந்தத் தடவைதான் வந்தது (2024இல் அந்த வயதை எண்பத்தைந்தாக்கிவிட்டார்கள்). அவளுக்கு எண்பத்து மூன்று. "ஊட்டுக்குள்ள உக்காந்து போடுறதுக்குப் பேரு ஓட்டா?" என்று படிவத்தைத் தொடவே இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கொரோனா காலம், வலது கைக்கு ஒரு பாலிதீன் உறை கொடுத்தார்கள், அதை மாட்டத் தெரியாமல் ஐந்து விரலையும் ஒரே விரலுக்குள் நுழைத்துக்கொண்டு நின்றாள். துணைக்கு நான் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை உதறினாள். தடுப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றாள். போட்ட சின்னத்தைக் காட்டும் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு வினாடி தெரியும் அல்லவா, அது விழுகிற வரைக்கும் பார்த்திருக்கிறாள். வெளியே வந்து, "அந்தச் சீட்ட கையில குடுக்கமாட்டானுவளா?" என்று கேட்டாள்.

அடுத்த வருடம் போய்விட்டாள். அதற்குப் பிறகு மகன் படிவம் 8 கொடுத்துப் பேரைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டான். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, மூன்று நாள் லீவு என்று அவனுடைய அறைக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், இவன் மட்டும் போய்ப் போட்டிருக்கிறான். சாயங்காலம் போனில் எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம்தான்பா. கூட்டமே இல்ல," என்றான். கொஞ்சம் பொறுத்து, "என் பேர வாசிச்சாங்க. யாரும் நிமிந்துகூடப் பாக்கல."